செபமாலையின் மறுபாதி

முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வெளியான மறுவாரமே என் வீட்டுப் படலையில் மோட்டார் சைக்கிள்கள் வந்து நிற்கத் தொடங்கும். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பேச்சு மொழிச் சிகிச்சையாளர்களாகப் பணிசெய்யும் உங்களில் இரண்டு மூன்று பேராவது ஒவ்வொரு முறையும் வருகிறீர்கள். நோக்கக் கூற்றை எப்படித் தொடங்குவது, எந்த நோயாளியைப் பற்றி எழுதுவது, ஆங்கிலம் பிழைத்தால் புள்ளி குறையுமா என்று கேட்கிறீர்கள். தேநீர்க் கோப்பை பாதியாகும்போது உண்மையான கேள்வி வருகிறது: பரிந்துரைக் கடிதம் தருவீர்களா?

நான் உடனே ஓம் சொல்வதில்லை. நாள் கேட்கிறேன், வைத்தியசாலைக்கு வந்து பார்க்கவேண்டும் என்கிறேன், நீங்கள் அனுப்பவிருக்கும் ஒளிப்பதிவின் முழு வடிவத்தைக் கேட்கிறேன். "மிஸ் பென்சன் எடுத்தாப் பிறகுதான் கடுமையாப் போனவா" என்று உங்களில் ஒருவர் சொன்னது என் காதுக்கும் வந்தது. குறை சொல்லவில்லை. ஆனால் காரணம் தெரியாமல் மனத்தாங்கல் கொள்வதைவிடத் தெரிந்து கொள்வது நல்லது என்பதால் இதை எழுதுகிறேன். இது ஒரே விண்ணப்பத்துக்கு நான் இரண்டு தடவை எழுதிய கடிதத்தின் கதை.

தர்சினி என் சேவையின் கடைசி ஆண்டில் என்னிடம் பயிற்சிக்கு வந்தவள். அவளுடைய பெற்றோர் குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து நெல் விதைத்தவர்கள். என் பெற்றோரும் அப்படியே. அதனால் அவளிடம் எனக்கு ஒரு சார்பு இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பட்டம் பெற்றதும் அவளுக்குக் கிடைத்த நியமனம் முல்லைத்தீவுக் கரையோரத்தில். வைத்தியசாலையின் பெயர் இங்கு வேண்டியதில்லை. அந்தக் கரை முழுவதற்கும் அவள் ஒருத்தியே பேச்சுச் சிகிச்சையாளர் என்பது மட்டும் போதும்.

அவள் முன்னர் ஒருமுறை விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டிருந்தாள். நோயாளிகளிடம் ஏற்பட்ட முன்னேற்றத்துக்குப் போதிய சான்று இல்லை என்று ஒற்றை வரியில் காரணம் சொல்லியிருந்தார்கள். அந்தப் படிப்பு எல்லா ஆண்டும் தொடங்குவதில்லை. இம்முறையும் தவறினால் அடுத்தது எப்போது என்று எவரும் சொல்லமுடியாது. அவளுக்கு அது வெறும் பட்டமாகவும் இருக்கவில்லை; அதைப் படித்தால் அண்ணம் பிளந்து பிறந்த பிள்ளைகளுக்கு அவளே சிகிச்சை செய்யலாம்.

"அண்ணப்பிளவுப் பிள்ளையளைக் கொழும்புக்கு அனுப்பவேண்டிக் கிடக்கு, மிஸ்," என்றாள் ஒருமுறை. "துண்டு எழுதிக் குடுக்கிறன். அரைவாசிப் பேர் போறேல்லை. போகாததுகள் வளந்து வந்து எனக்கு முன்னாலதான் இருக்குதுகள்."

இரண்டாம் முறை விண்ணப்பிக்கும்போது அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வவுனியாவுக்கு வந்தாள். விண்ணப்பத்தோடு ஒரு நோயாளியின் சிகிச்சை ஒளிப்பதிவு மூன்று நிமிடத்துக்குள் இருக்கவேண்டும்; பார்ப்பவர்களுக்கு விளங்கும்படி ஆங்கிலக் குறிப்பும் வேண்டும். கைத்தொலைபேசியைச் சீனிப்போத்தலில் சாய்த்துவைத்து அதை எனக்குக் காட்டினாள்.

முதற் பகுதியில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். பெயர் அந்தோனிப்பிள்ளை. கரைவலை இழுக்கும் தொழில். பாரிசவாதத்தில் வலக்கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. தர்சினி பெயரைக் கேட்கிறாள். அவர் வாயைத் திறக்கிறார். "வந்து... வந்து..." என்கிறார். மகளின் பெயர்? "வந்து... வந்து..." எதைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்லே வருகிறது.

இரண்டாம் பகுதி மூன்று மாதத்துக்குப் பிந்தியது. அதே மனிதர், அதே கதிரை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, மடை திறந்ததுபோல, ஒரு சொல்லும் தடக்காமல் பேசுகிறார். நிறுத்துகிறார். மறுபடியும் பேசுகிறார். கடற்காற்றின் இரைச்சலுக்கு மேலாக ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்கிறது.

அது செபமாலையில் வரும் மரியன்னை மன்றாட்டு என்பது எனக்கு உடனே விளங்கியது. நான் கத்தோலிக்கர் அல்ல. ஆனால் எத்தனையோ கட்டிலருகில் அதைக் கேட்டிருக்கிறேன். மனனமான சொற்கள் சொந்தப் பேச்சு வரும் வழியால் வருவதில்லை என்பதையும் நான் அறிவேன். தன் பெயரைச் சொல்லமுடியாதவர் ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ணுவார். மனைவியை அழைக்கமுடியாதவர் தேவாரம் பாடுவார். முதலாம் ஆண்டிலேயே உங்களுக்குக் கற்பித்த பாடம் இது.

"செபந்தானே இது?" என்றேன்.

"ஓம், மிஸ். ஆனா மூண்டு மாசத்துக்கு முதல் இதுவும் வரேல்லை."

அது உண்மை. அவள் எழுதிய குறிப்பை வாங்கிப் பார்த்தேன். நோயாளிக்குப் பேச்சு மீண்டுவிட்டது என்று இருந்தது.

"இது பொய், பிள்ளை."

அவள் முகம் சிவந்தது. "அப்ப என்னண்டு எழுதுறது? செபம் மட்டும் சொல்லுறார் எண்டு எழுதினா, போன முறை மாதிரித்தான் திருப்பி அனுப்புவினம்."

பேனாவை எடுத்தேன். அந்த வாக்கியத்தை வெட்டிவிட்டு, நோயாளி இப்போது நீண்ட வாக்கியங்களைத் தடையின்றியும் தெளிவாகவும் உச்சரிக்கிறார் என்று பொருள்படும் வேறொன்றை எழுதிக்கொடுத்தேன். அதற்குக் கால் மணி நேரம் செலவிட்டேன். உச்சரிக்கிறார் என்ற வினையைத் தேர்ந்தபோது எனக்கு ஒரு மகிழ்ச்சிகூட ஏற்பட்டது. அந்த வாக்கியத்தில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் தனியே எடுத்து எந்த விசாரணையிலும் நிறுத்தலாம். முழுவதையும் வாசிப்பவர் மட்டும், அவர் பேசுகிறார் என்று நினைப்பார். அப்படி நினைக்கவேண்டும் என்பதற்காகவே அதை அவ்வளவு பக்குவமாகக் கட்டினேன்.

வாழ்நாள் முழுவதும் நல்ல நடையை விரும்பி வந்தவள் நான். அந்த விருப்பம் எதற்கெல்லாம் பயன்படும் என்பது வெளிப்பட்டது அன்றுதான். ஆனால் அன்றே உணரவில்லை.

அவள் போன பிறகு பரிந்துரைக் கடிதத்தை எழுதினேன். ஆறு பந்தி. எழுதி முடித்துப் படிவத்தை நிரப்பும்போது ஒரு கேள்வியில் பேனா நின்றது. விண்ணப்பதாரர் நோயாளியோடு பணியாற்றுவதை நீங்கள் கடைசியாக நேரில் பார்த்தது எப்போது? நான் பார்த்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

நான் விண்ணப்பித்த காலத்தில் எனக்குக் கடிதம் தந்த ஆசிரியை ஒருவர் முழுநாளும் வார்ட்டின் மூலையில் கதிரை போட்டு இருந்தார். ஒன்றும் எழுதவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. மாலையில் எழும்பிப் போகும்போது, "காணாததுக்கு நான் கையெழுத்து வைக்கிறேல்லை" என்றார். அப்போது எனக்கு அது அவமானமாக இருந்தது. அந்த நினைவு வந்ததால் மட்டுமே நான் புறப்பட்டேன், சந்தேகத்தினால் அல்ல. என் நேர்மைக்கு அவ்வளவுதான் கணக்கு.

விண்ணப்பம் முடியும் நாள் திங்கட்கிழமை. நான் வெள்ளிக்கிழமை காலை மாங்குளம், ஒட்டுசுட்டான் வழியாகப் பஸ் ஏறிப் போனேன். தர்சினி சந்தியில் ஸ்கூட்டியோடு நின்றாள். அந்தோனிப்பிள்ளையின் வீடு கோயிலுக்குப் பின்னால், கடல் இரையும் தூரத்தில் இருந்தது. முற்றத்தில் வலை குவிந்து கிடந்தது. அவருடைய மனைவி திரேசா எங்களைக் கண்டதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"வாங்கோ மிஸ், இருங்கோ, இந்தக் கதிரையில இருங்கோ. இந்தப் பிள்ளைதான் இவரைத் திரும்பக் கதைக்க வச்சது. வீடியோவைப் பிரான்சில இருக்கிற மகளுக்கு அனுப்பினனாங்கள். பாத்திட்டு அவள் அழுத அழுகை!"

அந்தோனிப்பிள்ளை என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கூர்மையான கண்கள். எல்லாவற்றையும் கவனிக்கும் மனிதர் என்பது தெரிந்தது.

"நாளைக்குச் சங்கத்தில கூட்டம், மிஸ்," என்று திரேசா தொடர்ந்தார். "நான் தலைவரிட்டச் சொல்லிப்போட்டன், இனி ஒருத்தரும் இவருக்காகக் கதைக்கத் தேவையில்லை, இவர் வந்து தன்ர வாயாலையே சொல்லுவாரெண்டு."

விளங்கக் கேட்டபோது செய்தி இதுதான். கரைவலை வளைப்பதற்கெனக் கரையில் ஒதுக்கப்பட்ட இடத்தைப் பாடு என்பார்கள். ஒரே பாட்டை இரண்டு மூன்று சம்மாட்டிகள், அதாவது வலை முதலாளிகள், முறைவைத்துப் பயன்படுத்துவார்கள். அந்தோனிப்பிள்ளை விழுந்த பிறகு அவருடைய முறை எவருடையது என்று தெளிவில்லாமல் கிடந்தது. உரிமைக்காரர் நேரில் வந்து தன் விருப்பத்தைத் தெரிவிக்கவேண்டும், தெரிவிக்காவிட்டால் முறை அடுத்தவருக்குப் போகும் என்பது அந்தச் சங்கத்தின் வழக்கம். அவருடைய தம்பி பார்த்துக்கொள்வார் என்று அவர் சொல்வார் என்பது திரேசாவின் எண்ணம்.

நான் தர்சினியைப் பார்த்தேன். அவள் வலைக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் பக்கம் திரும்பி, "ஐயா, நாளைக்கு எங்க போறியள்?" என்றேன்.

"வந்து... வந்து..."

"புது ஆக்களைக் கண்டா வெக்கம், மிஸ்," என்றார் திரேசா. "இப்ப பாருங்கோ."

சுவரில் ஆணியில் தொங்கிய செபமாலையை எடுத்துவந்து அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். மன்றாட்டின் முதற்பாதியைச் சொன்னார். முடித்த கணத்தில், ஒரு மூச்சுக்கூட இடைவெளி இல்லாமல், அவருடைய குரல் மறுபாதியைச் சொல்லியது. ஒளிப்பதிவில் கேட்ட அதே குரல், அதே தெளிவு. மணி நகர்ந்தது. திரேசா முதற்பாதி, அவர் மறுபாதி.

செபமாலை அப்படித்தான் சொல்லப்படுகிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஒருவர் முன்னே சொல்ல மற்றவர்கள் மறுமொழி சொல்வார்கள். ஆனால் நான் பார்த்த ஒளிப்பதிவில் திரேசாவின் குரல் இல்லை. அவர் தாமாகத் தொடங்கித் தாமாகச் சொல்கிறார் என்றே நான் எண்ணியிருந்தேன்.

"இனி ஐயா முன்னுக்குச் சொல்லட்டும்," என்றேன். "நீங்கள் பின்னுக்குச் சொல்லுங்கோ."

திரேசா வாயை மூடினார். அந்தோனிப்பிள்ளை இடக்கையால் மணியைப் பிடித்தார். உதடுகள் குவிந்தன. கழுத்து நரம்பு புடைத்தது. "வந்து..." என்றார். மறுபடி முயன்றார். "வந்து..." பிறகு செபமாலையைத் திரேசாவின் மடியில் மெல்ல வைத்துவிட்டு வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"முந்தி இவர்தான் முன்னுக்குச் சொல்லுறது," என்றார் திரேசா, குரல் இறங்கி. "கலியாணம் கட்டின நாள் தொடக்கம். நாங்கள் எல்லாரும் பின்னுக்கு."

தர்சினியை வேலிக்கு வெளியே, வலை காயப்போட்டிருந்த கொடியருகே அழைத்துச் சென்றேன்.

"அந்த வீடியோவில திரேசாவின்ர குரல் எங்க?"

"வெட்டிட்டன், மிஸ். மூண்டு நிமிசத்துக்குள்ள அடக்கவேணுமெண்டு..."

"நேரத்துக்காகவோ வெட்டினனீர்?"

"இல்லை," என்றாள். பிறகு, "அதைப் பாக்கிறவைக்குத் தமிழ் தெரியாது, மிஸ். ஆரும் கேக்கமாட்டினம்."

"எனக்குத் தெரியுமே."

"ஓம். உங்களுக்குத் தெரியும்." நிமிர்ந்து பார்த்தாள். "செபமெண்டு தெரிஞ்சுகொண்டுதானே அந்த வசனத்தை எழுதித் தந்தனீங்கள்? நான் குரலை வெட்டினன். நீங்கள் வசனத்தை வெட்டினீங்கள்."

இந்தத் தொழிலில் எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன, பாராட்டுகளும் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றும் இவ்வளவு சரியாக என்னைப் பற்றிச் சொன்னதில்லை.

பிறகு நான் நினைத்தது திங்கட்கிழமையைப் பற்றி. வேறு எந்த நோயாளியின் பதிவை அனுப்பலாம்? இரண்டு நாளில் என்ன செய்யலாம்? அதைத்தான் அவளிடம் கேட்டேன்.

"திங்கள் கிடக்கட்டும், மிஸ்," என்றாள். "நாளைக்கு அந்த மனுசன் அத்தனை பேருக்கு முன்னால எழும்பி நிக்கப்போகுது. வாயைத் திறந்தா 'வந்து' எண்டுதான் வரும். அதுக்கு என்ன செய்யிறது?"

யார் யாருக்கு ஆசிரியர் என்ற குழப்பம் எனக்கு அப்போது தீர்ந்துவிட்டது.

அவள் உள்ளே போய்த் திரேசாவுக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். சுற்றிவளைக்காமல் சொன்னாள். செபம் மனனத்திலிருந்து வருகிறது. சொந்தக் கதை இன்னும் வரவில்லை. கதை வந்துவிட்டதென்று சொன்னது தன் பிழை.

திரேசா கத்தவில்லை. அது இன்னும் கடினமாக இருந்தது. "அப்ப ஏன் பிள்ளை சொன்னனீங்கள்?" என்றார். "நான் ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன். கோயிலடியில நேர்த்தி வச்சு மெழுகுதிரி கொளுத்தினனான். இனி அந்த முகங்களை நான் என்னெண்டு பாக்கிறது?"

தர்சினி மறுமொழி சொல்லுமுன் கதிரையின் கையில் ஓர் அடி விழுந்தது. அந்தோனிப்பிள்ளை இடக்கையால் அடித்தார். மறுபடியும் அடித்தார். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி மூன்று பெண்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

தர்சினி அவரிடம் திரும்பினாள். "ஐயா, நாளைக்குப் போக விருப்பமோ? ஓமெண்டா நெஞ்சில கை வையுங்கோ. இல்லையெண்டா கையை வீசுங்கோ."

அவர் நெஞ்சில் கைவைத்தார்.

அந்த ஒரு சைகையை நம்பி அவள் எழும்பவில்லை. இதை நீங்கள் கவனிக்கவேண்டும். இவ்வகை நோயாளிகள் ஆம், இல்லை என்பதையும் மாற்றிக் காட்டக்கூடும். அவள் விடை தெரிந்த கேள்விகளைக் கேட்டாள். "உங்கட பேர் சவிரிமுத்துவோ?" கை எரிச்சலோடு வீசியது. "அந்தோனிப்பிள்ளையோ?" நெஞ்சு. "இது வவுனியாவோ?" வீச்சு. "நான் நெல்லு விதைக்கிற ஆக்களின்ர பிள்ளையோ?" நெஞ்சு; சின்னச் சிரிப்பும். இருபது கேள்வி கேட்டாள். ஒன்றும் பிழைக்கவில்லை. மூன்று மாதமாகச் சொற்களையே தேடிய அந்தச் சிகிச்சையில் முதல் நாளே கேட்டிருக்கவேண்டிய கேள்விகள் அவை.

மறுநாள் சங்கக் கட்டடத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். அவர்களுடைய சம்மதத்தையும் அந்தோனிப்பிள்ளையின் சம்மதத்தையும் கேட்டபின் தர்சினி தன் கைத்தொலைபேசியை என் கையில் தந்து, "தொடக்கத்தில இருந்து முடியும்வரைக்கும் எடுங்கோ, மிஸ். நிப்பாட்டாதேங்கோ," என்றாள்.

தலைவர் கனத்த குரலுடையவர். "அந்தோனியண்ணை, சொல்லுங்கோ, உங்கட முறையை என்ன செய்யிறதெண்டு நினைச்சிருக்கிறியள்?"

தர்சினி எழும்பினாள். "கொஞ்சம் பொறுங்கோ ஐயா. இவருக்குக் கதை வந்திட்டுதெண்டு நான்தான் சொன்னனான். அது பிழை. ஆனா இவருக்கு எல்லாம் விளங்கும். ஓம், இல்லை எண்டு காட்டக்கூடியமாதிரி ஒவ்வொரு கேள்வியாக் கேளுங்கோ. கேட்டிட்டுப் பத்து எண்ணுமட்டும் பொறுங்கோ."

"பத்து எண்ணி முடியச் சோளகக் காத்துக் காலம் வந்திடும்," என்றார் பின்னால் வாங்குப் பலகையில் இருந்த ஒருவர்.

எல்லாரும் சிரித்தார்கள். உரக்கச் சிரித்தவர் அந்தோனிப்பிள்ளை. அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகே அவருக்கு எல்லாம் விளங்குகிறது என்பதை அந்த மனிதர்கள் நம்பினார்கள் என்று நினைக்கிறேன். தலைவர் வாங்கை இழுத்துக்கொண்டு அவருக்கு எதிரே இருந்தார்.

"முறையை விடுறியளோ, அண்ணை?"

கை வீசியது.

"வச்சிருக்கப் போறியள்?"

நெஞ்சு.

"தம்பி பாத்துக்கொள்ளட்டோ?"

கை வீசியது.

திரேசா திடுக்கிட்டார். "இஞ்சாருங்கோ, தம்பிதானே இவ்வளவு நாளும்..."

"பொறு திரேசா. கேட்டது அவரை," என்றார் தலைவர். "மருமகனோ, அண்ணை?"

கை வீசியது.

"அப்ப ஆர்தான்?"

"வந்து... வந்து..." அவர் முகம் கறுத்தது. பின்வாங்கில் ஒருவர் இருமினார்.

"அப்பிடிக் கேக்காதேங்கோ," என்றாள் தர்சினி. "ஆக்களின்ர பேரைச் சொல்லிக் கேளுங்கோ."

தலைவர் பேர்களை யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்தோனிப்பிள்ளை இடக்கையை நீட்டி அருகில் நின்ற திரேசாவின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்து உயர்த்தினார்.

திரேசா கையை இழுக்கப் பார்த்தார்; அவர் விடவில்லை.

"பொம்பிளையோ சம்மாட்டி?" என்றது பின்வாங்குக் குரல்.

"ஏன், இவர் விழுந்தாப் பிறகு கிழிஞ்ச வலையைப் பொத்தி, ஆக்களைச் சேத்து இழுப்பிச்சது ஆர், உன்ர கொப்பரோ?" என்றார் தலைவர். பிறகு குனிந்து, மிகவும் மெதுவாக, "திரேசாவுக்கோ, அண்ணை?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பொறுத்தார். தலைவருடைய உதடுகள் ஒன்று, இரண்டு என்று அசைந்ததை நான் கண்டேன்.

அந்தோனிப்பிள்ளை திரேசாவின் கையை விடாமலே அதைத் தன் நெஞ்சில் வைத்தார்.

"நான் இவரைக் கேக்கவே இல்லையே," என்றார் திரேசா, எவரிடமும் அல்லாமல். "மூண்டு மாசமா நான் ஒரு சொல்லு கேக்கேல்லையே."

அன்று பின்னேரம் தர்சினி அந்தப் பதிவிலிருந்து தொடர்ச்சியான மூன்று நிமிடத்தை எடுத்தாள். இடையில் எதையும் நீக்கவில்லை. நான் எடுத்த படம் சில இடத்தில் ஆடியது, அப்படியே விட்டாள். அதில் நோயாளி 'வந்து' தவிர ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆங்கிலக் குறிப்பைப் புதிதாக இப்படி எழுதினாள்: நோயாளிக்குச் சொந்தப் பேச்சு இல்லை. செபத்தில் மனைவி முதற்பாதியைச் சொன்னால் மறுபாதியைச் சொல்வார். அதைப் பேச்சு என்று குடும்பத்துக்குச் சொன்னது என் பிழை. அந்தப் பிழையால் நேர இருந்ததும் அதன் பின் செய்ததும் கீழே உள்ளன. குறிப்பை என்னிடம் நீட்டினாள். ஒரு சொல்லில் எழுத்துப்பிழை இருந்தது. அதை மட்டும் திருத்தினேன்.

"இதோட முடிஞ்சுது, என்ன மிஸ்?" என்றாள், அனுப்புமுன்.

"தெரியாது பிள்ளை," என்றேன். உண்மையிலேயே தெரியாது.

வவுனியாவுக்குத் திரும்பி என் ஆறு பந்தியைக் கிழித்தேன். இரண்டாவது கடிதம் ஒரு பந்திதான். இந்த விண்ணப்பதாரர் பணிசெய்வதை இரண்டு நாள் நேரில் பார்த்தேன். அவர் ஒரு பிழை செய்திருந்தார். அதை மறைக்க நான் உதவினேன். அதைத் திருத்துவதற்கு அவர் என் உதவியை எதிர்பார்க்கவில்லை. அலங்காரமற்ற அந்த நாலு வசனத்தைப் போல நான் அதற்கு முன்னும் பின்னும் எழுதியதில்லை.

நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். அது முடிந்து பஸ்ஸில் இருந்தபடியே தர்சினி எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"நோயாளி ஒண்டும் கதைக்கேல்லையே, முன்னேற்றம் எங்க எண்டு கேட்டவை, மிஸ். முன்னேறினது கேக்கிற ஆக்கள் எண்டு சொன்னன்."

"அதுக்கு?"

"அதை எழுதிக்கொண்டவை. நீர் ரெண்டு வருசம் இஞ்ச வந்தா அவரை ஆர் பாக்கிறது எண்டு கேட்டவை. 'சங்கத்தில பதினொரு பேர்' எண்டன். சொல்லிப்போட்டு நாக்கைக் கடிச்சுக்கொண்டன். திமிரெண்டு நினைச்சிருப்பினம், என்ன?"

காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள். வகுப்புகள் தொடங்கிய வாரத்தில், எவரோ ஒருவர் விலகிய பிறகே, அவளுக்கு அழைப்பு வந்தது. இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். தேர்வாளர்களில் எவருக்காவது தமிழ் தெரிந்திருந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. தெரிந்திருந்தால் பிடிபட்டிருப்போம் என்பது இந்தக் கதையின் பாடமாக ஆகிவிடும், அது பாடமல்ல.

அவள் படிக்கப் போன சில மாதத்தின் பின் நான் ஒரு தடவை அந்தக் கரைக்குப் போனேன். திரேசா வலையடியிலிருந்து வந்து, "சம்மாட்டியைப் பாக்க வந்தனீங்களோ?" என்று சிரித்தார். பொழுது சாயும் நேரம். செபமாலைக்கு இருந்தார்கள். அந்தோனிப்பிள்ளையின் சொந்தப் பேச்சில் பெரிய மாற்றமில்லை, "வந்து" தான். மாலை இப்போது அவருடைய இடக்கையில் இருந்தது. திரேசா வாய் திறக்கவில்லை, காத்திருந்தார். அவர் பெருவிரலால் ஒரு மணியை நகர்த்தினார். அதன் பிறகே திரேசா முதற்பாதியைத் தொடங்கினார். அவர் மறுபாதியைச் சொன்னார். பிறகு மறுபடியும் மௌனம். அவர் மணியை நகர்த்தும்வரை அந்த வீட்டில் எவரும் தொடங்கவில்லை. அதைத் தர்சினி சொல்லிக்கொடுத்தாளா என்று கேட்டேன். இல்லை, அவர்களே கண்டுபிடித்தது என்றார் திரேசா.

ஆகவே கடிதம் கேட்டு வருகிறவர்கள் வாருங்கள். படலை பூட்டுவதில்லை. ஆனால் நீங்கள் வெட்டி ஒட்டிய மூன்று நிமிடத்தைக் காட்டவேண்டாம்; முழுப் பதிவையும் கொண்டுவாருங்கள். நோயாளியின் குரலுக்கு முன்னே யாருடைய குரல் இருந்தது என்பதை நான் கேட்கவேண்டும்.